நாற்பது கேள்வி கேட்பவரும் எதுவுமே கேட்காதவரும்

பழைய லேப்டாப், கேமரா, போன் இவற்றைச் சரிபார்த்து, பழுது நீக்கி, மறுபடி விற்பது என் தொழில். 12 வருடமாக இதுதான் வேலை. பழுதுபார்க்க வருகிறவர்களில் பலர், வந்த காரியம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கித் தங்கள் போனை என் பக்கம் நீட்டுவார்கள். "இந்த ஆளுக்கு என்ன பதில் போடுறதுன்னு தெரியல சார், கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். இணையத்தில் அவர்கள் விற்பனைக்குப் போட்ட பொருளைக் கேட்டு வந்த யாரோ ஒருவரின் சாட் அது.

படித்துப் பார்த்தால், சில நேரம் அந்த ஆள் கொஞ்சம் பிடிவாதக்காரர், அவ்வளவுதான். சில நேரம் அது முழு மோசடி. இந்த இரண்டு பேரையும் மாற்றிப் புரிந்துகொள்வதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறு.

ஒரு பெண்மணி தன் கேமராவை விற்க விளம்பரம் போட்டிருந்தார். முதலில் வந்தவர் மூன்று நாள் விடாமல் கேள்வி கேட்டார். ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது, லென்ஸுக்குள் பூஞ்சை உண்டா, எப்போதாவது கீழே விழுந்ததா, தன் மெமரி கார்டைப் போட்டு நாலு படம் எடுத்துப் பார்க்கலாமா. இரவு 11 மணிக்கும் ஒரு கேள்வி. இவருக்குப் பொறுமை போய்விட்டது, பிளாக் செய்துவிட்டார். மறுநாள் இன்னொருவர் வந்தார். கேள்வியும் இல்லை, பேரமும் இல்லை. "விலை சரிதான், இப்பவே பணம் அனுப்புறேன், ஆள் வந்து எடுத்துக்குவார்" என்றார். பத்து நிமிடத்தில், வங்கியிலிருந்து வந்தது போல ஒரு குறுஞ்செய்தி. கேட்ட விலையைவிட அதிகமான தொகை வரவாகியிருப்பதாக அதில் இருந்தது. "தவறிக் கூடுதலா அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வெச்சிருந்த பணம்" என்று அந்த ஆள் கெஞ்ச, இவர் பதறிப்போய் அனுப்பிவிட்டார். உண்மையில் எந்தப் பணமும் வரவில்லை. வராத பணத்துக்கு மீதி என்று அவர் திருப்பியது தன் சொந்தச் சேமிப்பை. கேமராவை எடுக்க யாரும் வரவில்லை. அது அவர் மேசைமேலேயே இருந்தது. அந்த ஆளுக்குக் கேமரா வேண்டியதே இல்லை.

இரண்டு சாட்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். முதலாமவர் கேட்டது அத்தனையும் கேமராவைப் பற்றி. இரண்டாமவர் பேசியது அத்தனையும் பணம் எந்த வழியில் வரும், எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதைப் பற்றி. அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பேச்சு பொருளைச் சுற்றி வருகிறதா, பணத்தைச் சுற்றி வருகிறதா? பொருளைச் சுற்றி வந்தால், ஆள் எவ்வளவு படுத்தினாலும் கொஞ்சம் பொறுத்துப் போகலாம்.

வாங்குபவர் சந்தேகப்படுவதற்குக் காரணம் உண்டு. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தன் வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்ல வண்டியும் ஓட்டை வண்டியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், எந்த வண்டிக்கும் முழு விலை கொடுக்க அவர் துணியமாட்டார். அந்தக் குறைந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்கமாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்தான். 2001-இல் அவர் இருவரோடு பகிர்ந்துகொண்ட பொருளியல் நோபலுக்கு இந்த வகை ஆய்வுதான் அடிப்படை. நாம் ஒரு பழைய போனை விற்கும்போதும் நடப்பது இதுவே. குறைத்துக் கேட்கிறவர் உங்களை அவமதிக்கவில்லை. தன் கண்ணுக்குத் தெரியாத குறைக்காக முன்கூட்டியே கொஞ்சம் கழித்து வைக்கிறார். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இவர் காசு கொடுக்கிறவர், பார்க்கத்தான் செய்வார்.

அவருக்குத் தெரியாததை நீங்களே சொல்லிவிட்டால் பாதித் தொந்தரவு வராது. விளம்பரத்தில் "நல்ல கண்டிஷன்" என்று எழுதாதீர்கள், அதற்கு ஆளுக்கொரு அர்த்தம். எந்த மூலையில் கீறல், எந்தப் பட்டன் அழுத்தினால் மெதுவாக மேலே வருகிறது என்று எழுதுங்கள். குறையை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் கீறலின் அளவு தெரியும். லேப்டாப் என்றால் விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழுச் சார்ஜில் எவ்வளவு என்று இரண்டும் அதில் வரும். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழுச் சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதம் கொள்ளளவு மிஞ்சும்படியும், ஐபோன் 15 மாடல்களில் அதே அளவு 1000 சுழற்சிக்குப் பிறகு மிஞ்சும்படியும் வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. அப்படியிருக்க, மூன்று வருடம் ஓடிய போனில் 84 சதவீதம் என்றால் அதை மறைக்க என்ன இருக்கிறது? படத்தோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு போனையும் தனியாக அடையாளம் காட்டும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை மட்டும் பொதுவில் போட வேண்டாம். நேரில் வரும்போது *#06# அழுத்திக் காட்டினால் போதும்.

அப்புறம், விலை. இங்கே தவறு பெரும்பாலும் நம் பக்கம்தான் இருக்கிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பையைக் கொடுத்து, வேண்டுமானால் விற்கலாம் என்றார்கள். கோப்பை கையில் இருந்தவர்கள் கேட்ட விலை, இல்லாதவர்கள் தர முன்வந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சற்று நேரம் கையில் இருந்த கோப்பைக்கே இப்படி. ஐந்து வருடம் நம்மோடு இருந்த கேமராவுக்கு மனம் என்ன விலை போடும்! அதனால் மற்றவர்கள் கேட்கிற விலையைப் பார்க்காமல், அதே மாடல் எந்த விலைக்கு உண்மையில் விற்றுப் போயிருக்கிறது என்று தேடுங்கள். இதற்குக் கீழே தரமாட்டேன் என்று ஒரு தொகையை விளம்பரம் போடும் முன்பே தாளில் எழுதி வையுங்கள். பேச்சின் நடுவே அதை முடிவு செய்யப் போனால் கோபமோ அவசரமோ உங்களுக்காக முடிவு செய்துவிடும்.

"கடைசியா எவ்வளவு?" என்று முதல் செய்தியே வரும். கோபப்பட வேண்டாம், உங்கள் கடைசி விலையைச் சொல்லவும் வேண்டாம். "நேர்ல பார்த்துட்டுப் பேசலாங்க, இப்போதைக்கு விலை இதுதான்" என்று நான் பதில் போடுவேன். பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள். மீதிப் பேர் உண்மையாகவே வாங்க வருகிறவர்கள்.

இன்னொரு வகை உண்டு. விலை பேசி முடித்து, நேரில் வந்து, பொருளைக் கையில் வைத்துக்கொண்டு திடீரென்று குறைப்பார். நீங்கள் கிளம்பி வந்துவிட்டீர்கள், வெறுங்கையோடு போக மனம் வராது என்பது அவர் கணக்கு. என்ன குறை என்று காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் ஏற்கெனவே சொன்ன குறை என்றால் போனைத் திறந்து அதையே காட்டுங்கள். நீங்கள் கவனிக்காத புதிய குறை என்றால் பேசித்தான் ஆகவேண்டும், அது நியாயம். இரண்டும் இல்லாமல் வெறுமனே இழுத்தால், "பேசின விலைன்னா தர்றேன், இல்லேன்னா பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் பொருளைப் பையில் வையுங்கள். அதற்குமேல் ஒன்றும் பேச வேண்டாம். சந்திப்பது பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், முடிந்தால் துணையோடு. வீட்டுக்கு வரச்சொல்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

விற்ற பிறகு வரும் புகார்தான் மனதை அதிகம் வருத்துவது. போன் விற்றவர்களிடம் வருகிற புகார்களில் பல, பழுதே இல்லாதவை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்ட் 5.1 முதல், கணக்கை நீக்காமல் ரீசெட் செய்த போன் மறுபடி திறக்கும்போது பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கைக் கேட்கக்கூடும். ஐபோனிலும் இதுபோன்ற பூட்டு உண்டு. வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் திறந்ததும், "திருட்டு போனைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்றுதான் நினைப்பார், கத்துவார். முதலில் செட்டிங்ஸில் போய்க் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், ரீசெட் அதற்கடுத்து. பிறகு அவர் கண்முன்னே போனைத் திறந்து, அவருடைய கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

எனக்கே ஒரு பாடம் உண்டு. நான் விற்ற லேப்டாப் ஒன்று தானாக அணைந்துவிடுகிறது என்று வாங்கியவர் இரண்டு நாள் தொடர்ந்து அழைத்தார். குரலை உயர்த்திப் பேசினார். பணத்தைத் திரும்ப வாங்கப் பொய் சொல்கிறார் என்று நானே முடிவுகட்டி, பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். பிறகு அவர் ஒரு வீடியோ அனுப்பினார். 40 நிமிடம் கனமான வேலை கொடுத்தால் சூடேறி அணைகிறது. நான் கால் மணி நேரம் மட்டுமே ஓட்டிப் பார்த்திருந்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். இப்போது கோபமான செய்தி வந்தால் உடனே பதில் போடுவதில்லை. ஒரு மணி நேரம் கழித்து, "வீடியோ எடுத்து அனுப்புங்க, பார்க்கிறேன்" என்று மட்டும் கேட்கிறேன். பொருளில் உண்மையாகவே குறை உள்ளவர் உடனே அனுப்பிவிடுவார். அனுப்பாமல் திட்டிக்கொண்டே இருப்பவருக்கு ஒரே ஒரு தடவை, மரியாதையாக, முடியாது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மிரட்டினால், கெட்ட வார்த்தை பேசினால், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். அங்கே விளக்கம் கொடுக்கத் தேவையில்லை.

இனி பணத்தைச் சுற்றியே பேசுகிறவர்கள். "நீங்க நிஜ ஆளான்னு பார்க்க ஒரு கோடு அனுப்புறேன், சொல்லுங்க" என்று கேட்டால், அந்த 6 இலக்கம் உங்கள் வாட்ஸ்அப் கணக்கை வேறொரு போனில் திறக்கும் சாவியாக இருக்கலாம். எந்தக் காரணம் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பணம் பெறுவதற்கு உங்கள் பின் எண்ணை அழுத்த வேண்டியதில்லை, அது அனுப்புவதற்குத்தான். கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்றாலும் கதை அதேதான். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டையும் குறுஞ்செய்தியையும் நம்பாமல், உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து இருப்புத் தொகையைப் பாருங்கள். யாராவது கூடுதலாக அனுப்பிவிட்டேன் என்றால், நீங்களாகத் திருப்ப வேண்டாம், வங்கி வழியாகத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். காசோலையில் இன்னும் கவனம் தேவை. கணக்கில் வரவு காட்டிய பிறகும் அது திரும்பிப் போகலாம்.

கூரியரில் அனுப்புவதானால் சீரியல் எண் தெரியும்படி ஒரு படம், பெட்டியில் வைத்து ஒட்டி முடிக்கும் வரை வெட்டு இல்லாமல் ஒரு வீடியோ, எடை எழுதிய ரசீது, மூன்றும் கட்டாயம். உங்கள் நல்ல பொருளை வைத்துக்கொண்டு தன்னுடைய பழுதான பொருளைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சீரியல் எண் மட்டும்தான் அங்கே உங்களுக்காகப் பேசும். பணம் கட்டிய பிறகு முகவரியை மாற்றிக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பேபால் என்ற இணையப் பணச் சேவையில் விற்பவருக்கான பாதுகாப்பு, பரிவர்த்தனையில் உள்ள முகவரிக்கு அனுப்பினால்தான் கிடைக்கும். கார்டில் கட்டிய பணத்துக்கு வாங்கியவர் தன் வங்கியில் முறையிட்டுத் திரும்பப் பெற வழி உண்டு. பெரிய கார்டு நிறுவனங்களின் விதிகளில் பலவகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் இருக்கிறது. அதுவரையாவது அந்தப் படத்தையும் வீடியோவையும் சாட்டையும் அழிக்காதீர்கள்.

அந்தப் பெண்மணி என்னிடம் வந்தது நான்கு நாள் கழித்து. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, வங்கிக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவர் முட்டாள் இல்லை. நெருக்கடியில் இருப்பதாகச் சொன்ன ஒருவருக்கு உதவ நினைத்தவர். ஆனால் அந்த நான்கு நாளில் பணம் கைமாறிப் போய்விட்டது. தெரியவந்த அதே நிமிடம் வங்கியை அழையுங்கள், அடுத்து காவல் துறையின் சைபர் பிரிவில் புகார் கொடுங்கள். பணம் வேறு கணக்குக்கு மாறும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருப்பது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். அதோடு, சில நாள் கழித்து யாராவது அழைத்து, தொலைந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் கொஞ்சம் கட்டணம் கட்டுங்கள் என்று சொல்லக்கூடும். ஏமாந்தவர்களின் எண்களைத் தேடிப்பிடித்து மறுபடி ஏமாற்றுவதும் ஒரு தொழிலாகவே நடக்கிறது. அவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.