கோட் வந்ததும் சென்சரை மாற்றாதீர்கள்

வாகனத்தின் பழுதுக் கோட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0118 என்று காட்டியதுமே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சர் போய்விட்டது என்று முடிவு கட்டி, காசு கொடுத்துப் புதுச் சென்சர் போட்டு, எஞ்சின் லைட் திரும்பவும் எரிந்த பிறகுதான் பலர் வாகனத்தை எங்களிடம் கொண்டு வருகிறார்கள். அந்தக் கோட் சென்சர் பழுது என்று சொல்லவே இல்லை. சென்சர், அதில் வயரைச் செருகும் சொக்கெட், வயர், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ எல்லாம் சேர்ந்த சுற்றில் வோல்டேஜ் அளவுக்கு மேல் நிற்கிறது, அவ்வளவுதான்.

திருகோணமலையில் எனக்கு முதல் சந்தேகம் சொக்கெட் மேல்தான் வரும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நிற்கிற வாகனங்களில் அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சிலதில் பின் பளபளவென்று இருக்கும், ஆனால் வயர் பின்னோடு சேரும் இடத்தில் உள்ளே செம்பு அரித்துப்போய் இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருக்கும், மெதுவாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். எலி கடித்த வயரும் வரும்.

சோதிப்பது பெரிய வேலை இல்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஓனில் வைத்து, சொக்கெட்டைக் கழற்றி, இரண்டு வயருக்கும் நடுவே டிஜிட்டல் மீற்றர் வைத்தால் 5 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பல்ப் டெஸ்டர் வேண்டாம், அது ஈசியூவையே கெடுத்துவிடலாம். அந்த நேரம் ஸ்கேனரில் வெப்பநிலை மைனஸ் 40 பாகை என்று நிற்கும். இப்போது இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் அது 100ஐத் தாண்டி ஏற வேண்டும். ஏறினால் வயரும் ஈசியூவும் சரி, பழுது சென்சரில் அல்லது சொக்கெட்டின் பின் பிடிக்கும் இடத்தில். ஏறாவிட்டால் எத்தனை சென்சர் மாற்றினாலும் லைட் அணையாது. இந்த இணைப்பு இரண்டு வயர் சென்சருக்கு மட்டும். மூன்று வயர் உள்ளதில் 5 வோல்ட் வயரை எர்த்தோடு சேர்த்துவிட்டால் அதே லைனில் இருக்கும் மற்றச் சென்சர்களும் வேலை செய்யாமல் நின்றுவிடும்.

சென்சரைத் தனியாக அளப்பதும் சுலபம். பெரும்பாலான ஜப்பான் வாகனங்களில் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 300 ஓம் அளவில் இருக்கும். சோதிக்கிறேன் என்று வயரின் தோலை ஊசியால் குத்தாதீர்கள், அந்தத் துளையால் உப்பு ஈரம் உள்ளே போய்விடும்.

கராஜில் சென்சர் மாற்றச் சொன்னால், மீற்றர் வைத்து என்ன வந்தது என்று கேளுங்கள். வேலை முடிந்து கோட்டை அழித்த பிறகு, இரவு முழுக்க நின்ற வாகனத்தில் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஸ்கேனரைப் போடச் சொல்லுங்கள். கூலன்ட் வெப்பநிலையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால்தான் வண்டியை எடுங்கள்.