நெடுந்தூர ஸ்கோப்பின் உயரக் குமிழ்: 'டக் டக்' சத்தத்தை நம்பி வாங்காதீர்கள்

கடையில் ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கியின் குறிபார்க்கும் தொலைநோக்கியை, கையில் எடுத்ததும் பெரும்பாலோர் செய்வது குறியை மேலும் கீழும் மாற்றும் மேல் குமிழைத் திருகிக் கிளிக் சத்தம் கேட்பதுதான். சத்தம் சுத்தமாக இருந்தால் பாதி வியாபாரம் முடிந்தது. ஆனால் 1000 கெஜத்தில் குண்டு எங்கே போய் விழும் என்பதற்கும் அந்தச் சத்தத்துக்கும் பெரிதாகத் தொடர்பில்லை. தூரத்தில் குண்டு தாழ்வதை ஈடுகட்ட உங்கள் தோட்டாவுக்கு எவ்வளவு ஏற்றம் வேண்டும், அதைக் குமிழ் எத்தனை சுற்றில் தருகிறது என்ற கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்.

100 கெஜத்தில் ஜீரோ செய்த (குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி அமைத்த) 308 வின்செஸ்டர் தோட்டா, 175 கிரெய்ன் எடைக் குண்டுடன், கடல்மட்டக் காற்றில் 1000 கெஜத்துக்குச் சுமார் 11 முதல் 12 மில் (கோண அளவு, 100 மீட்டரில் 1 மில் 10 செ.மீ.) ஏற்றம் கேட்கும். 6.5 கிரீட்மூர் தோட்டாவின் 140 கிரெய்ன் குண்டுக்கு 9 மில் அளவில் போதும். சுற்றுக்கு 10 மில் உள்ள குமிழில் கிரீட்மூர் முதல் சுற்றிலேயே முடிந்துவிடும், 308 இரண்டாம் சுற்றுக்குள் போகும். சுற்றுக்கு 5 மில் மட்டுமே என்றால் இரண்டும் சுற்று மாறும். இதில்தான் ஆபத்து. 1000 கெஜம் சுட்டுவிட்டு 300 கெஜத்துக்குத் திரும்பும்போது ஒரு சுற்றை மறந்துவிட்டால், குமிழில் எண் சரியாகவே தெரியும். சுற்றுக்கு 10 மில் குமிழில் அந்த 10 மில் பிழை 300 கெஜத்தில் இரண்டே முக்கால் மீட்டர். இலக்கு தப்புவதோடு போகாது, குண்டு மண்மேட்டையே தாண்டக்கூடும். 308 வைத்திருப்பவர் சுற்றுக்கு 15 மில் உள்ளதையோ, எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று தொட்டே தெரியும் குறிமுள் உள்ளதையோ வாங்குவது நல்லது.

குமிழ் சுழன்றால் மட்டும் போதாது, உள்ளே நகர்வும் இருக்க வேண்டும். மொத்தம் 60 எம்.ஓ.ஏ. (பாகையில் அறுபதில் ஒரு பங்கு, 1 மில் என்பது 3.44 எம்.ஓ.ஏ.) நகர்வுள்ள ஸ்கோப்பைத் துப்பாக்கி மேல் அதை மாட்டும் ரெயில் தட்டையாக இருக்கும்படி வைத்தால் மேலே கிடைப்பது ஏறக்குறைய 30. அந்த 308-க்கு வேண்டியது சுமார் 40. முன்பக்கம் தாழ்ந்த 20 எம்.ஓ.ஏ. சரிவு ரெயில் போட்டால் 50 கிடைக்கும். அதையே முன்பின் மாற்றி மாட்டினால் 10தான் மிஞ்சும். பேராசைப்பட்டு 40 சரிவு போட்டால், இந்த ஸ்கோப்பை 100 கெஜத்தில் ஜீரோ செய்யவே முடியாது.

மில்லா, எம்.ஓ.ஏ.வா என்ற சண்டையில் எங்களுக்கு ஆர்வமில்லை. ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) எந்த அளவோ, குமிழும் அதே அளவாக இருக்கட்டும். மில் ரெட்டிகிளும் எம்.ஓ.ஏ. குமிழும் உள்ள ஸ்கோப் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் 3.44-ஆல் பெருக்கிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. கிளிக் எவ்வளவு நுணுக்கமாக வேண்டும் என்பது போட்டியைப் பொறுத்தது. 1000 கெஜத்தில் 0.1 மில் கிளிக் 3.6 அங்குலம், கால் எம்.ஓ.ஏ. 2.6, அரைக்கால் (எட்டில் ஒன்று) 1.3. எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டியின் இலக்கில் அந்தத் தூரத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10 அங்குலம், அதனால் அரைக்கால் அங்கே பயன்படும். நேரம் வைத்து, தூரம் மாற்றி மாற்றிச் சுடும் பி.ஆர்.எஸ். வகைப் போட்டியில் அதே அரைக்கால் தொல்லை, கிளிக் எண்ணியே நேரம் போய்விடும். இன்னொன்று: எம்.ஓ.ஏ. என்று எழுதியிருந்தும் 100 கெஜத்துக்கு 1.047 அங்குலத்துக்குப் பதில் வெறும் 1 அங்குலம் நகரும் குமிழ்களும் உண்டு. 40 எம்.ஓ.ஏ. திருகினால் 1000 கெஜத்தில் ஏறக்குறைய 19 அங்குலம் தாழ்ந்துவிடும்.

ஜீரோ ஸ்டாப் இல்லாத குமிழை நெடுந்தூரத்துக்கு வாங்க வேண்டாம். இருட்டிலும் கீழே திருகி முட்டினால் ஜீரோ என்று கைக்குத் தெரிய வேண்டும். ஆனால் சரியாக ஜீரோவிலேயே முட்டும்படி அமைக்காதீர்கள். தோட்டா மாறி ஜீரோ கொஞ்சம் உயர்ந்தால் கீழே இறக்க இடமிருக்காது. அரை மில் கீழே விட்டு அமைப்பதே எங்கள் வழக்கம்.

வாங்கியதும் ஒரு சோதனை. சரியாக 100 மீட்டரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். களத்தில் '100' என்று எழுதியிருப்பது கெஜமாக இருந்தால் 91.44 மீட்டர்தான், கணக்கு முழுதும் கெடும். உயரமான அட்டையில் தூக்குநூல் பிடித்து நேர்கோடு போட்டு, அடியில் ஒரு புள்ளி வையுங்கள். ஜீரோவில் ஐந்து குண்டு, பிறகு 10 மில் ஏற்றி அதே புள்ளியைப் பார்த்து ஐந்து குண்டு. இரண்டு கூட்டங்களின் நடுவுக்கும் இடையே 100 செ.மீ. இருக்க வேண்டும். 98 வந்தால் 2 சதவீதக் குறை. 12 மில்லில் அது 0.24 மில், 1000 கெஜத்தில் 22 செ.மீ., பத்து வளையத்துக்கு வெளியே. குறை எப்போதும் ஒரே அளவில் வந்தால் குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் செயலியில் 0.98 என்று கொடுத்துச் சமாளிக்கலாம். ஒருமுறை 98, மறுமுறை 101 என்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேல் கூட்டம் கோட்டை விட்டுப் பக்கவாட்டில் போனால், குமிழைக் குறை சொல்லும் முன் ஸ்கோப் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 3 பாகை சாய்வு, 10 மில் ஏற்றத்தில் அரை மில் பக்கத்தில் தள்ளும்.

குறிப்பிட்ட தோட்டாவுக்காகத் தூர எண்களே செதுக்கிய குமிழ் வேட்டைக்காரருக்கு வசதி. வேகமோ, வெப்பமோ, உயரமோ மாறினால் 600 கெஜத்துக்கு மேல் அந்த எண்கள் பொய் சொல்லத் தொடங்கும்.

'ஸ்கோப் ஜீரோ நிற்கவில்லை' என்று வருபவற்றில் பல, குமிழின் சிறு திருகுகள் தளர்ந்தவைதான். ஜீரோ செய்தபின் திருகுகளைத் தளர்த்தி, உள் தண்டு அசையாமல் மேல்மூடியை மட்டும் 0-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு எல்லாத் திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மூடி கோணிக்கொள்ளும், அதிகம் இறுக்கினால் அறுகோணக் குழி தேய்ந்துவிடும். கடைசியாக ஒரு திருகின் தலையையும் மூடியையும் சேர்த்து பெயின்ட் பேனாவால் மெல்லிய கோடு போடுங்கள். கோடு பிரிந்து தெரிந்தால் திருகு தளர்கிறது என்று அர்த்தம்.