சார்ட்டர் கம்பெனியில் சேரப்போகிறீர்களா? முதலில் லாக்புக்கைப் புரட்டுங்கள்

போன வாரம் ஒரு பையன் வந்தான். பெரிய விமான நிறுவனம் ஒன்றில் நேர்காணல் வருகிறது, பறந்த மணியெல்லாம் எழுதியிருக்கும் லாக்புக்கை ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள் கேப்டன் என்றான். கேட்டபோது விமானத்தை வாடகைக்கு ஓட்டும் சிறிய சார்ட்டர் கம்பெனியில் மூன்று வருஷமாகக் கோ-பைலட். மொத்தம் 700 மணிக்குக் கொஞ்சம் மேல். அதில் 200 மணி சி.பி.எல். என்ற வணிக விமானி உரிமம் வாங்குவதற்காகப் பறந்தது. மிச்சமெல்லாம் கிங் ஏர் பி200 என்ற சின்ன விமானத்தின் வலது இருக்கை, அதாவது கோ-பைலட் இருக்கை. 'இரவு' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக வெறும் கோடு. "இன்னும் 800 மணி ஓட்டினால் ஏ.டி.பி.எல். வந்துவிடும், இல்லையா கேப்டன்?" என்று கேட்டான். பெரிய விமானத்துக்குக் கேப்டனாக வேண்டிய மேல்நிலை உரிமம் அது.

வராது தம்பி. இதையே எத்தனை பேரிடம்தான் சொல்வது என்று அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

'மணி ஏறினால் போதும், எங்கே ஏறினால் என்ன' என்ற நினைப்பை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. ஏ.டி.பி.எல்.லுக்கு 1500 மணி என்ற எண்ணை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த 1500-க்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவுப்படி, அதில் 100 மணி இரவில் பறந்ததாக இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது 75 மணி. அதோடு கமாண்டராக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக, 250 மணி. இதில் 70 மணியாவது நீங்களே முழுப்பொறுப்பில் ஓட்டியது, மீதியைக் கமாண்டரின் மேற்பார்வையில் அவர் வேலையை நீங்கள் செய்து சேர்க்கலாம். இப்போது சொல்லுங்கள், பகலில் போய்ப் பகலிலேயே திரும்பும் சார்ட்டரில் இரவு மணி எங்கிருந்து வரும்? நீங்கள் போய் இறங்குகிற சின்ன ஊர்களில் பாதிக்கு ஓடுதள விளக்கே கிடையாது.

இன்னொரு விஷயம் இதைவிட மோசம். பி200 ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானம். நம்மூரில் இரண்டு பேர் உட்காருகிறோம், அது வேறு கதை. இப்படிப்பட்ட விமானத்தில் கோ-பைலட்டாகப் பறந்த மணியில் அதிகபட்சம் பாதியைத்தான் மேல்நிலை உரிமத்துக்குக் கணக்கில் எடுக்கலாம் என்பது சர்வதேசப் பொது விதி. கோ-பைலட்டுக்கான வசதிகளோடு, இரண்டு பேர் இயக்கும் முறைப்படி பறந்தால் முழுதாகக் கொடுப்பதா என்பதை அந்தந்த நாட்டு ஆணையம் முடிவு செய்யும். உங்கள் விமானத்துக்கும் உங்கள் கம்பெனிக்கும் எது பொருந்தும் என்பதை நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமான டி.ஜி.சி.ஏ.விடம் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். "அதெல்லாம் கிடைக்கும்பா" என்று ஆபரேஷன்ஸ் மேனேஜர் சொன்னதை நம்பாதீர்கள். அவருக்கு வேண்டியது வலது இருக்கையில் ஓர் ஆள்.

(குறுக்கு வழி கேட்டு வருகிறவர்களும் உண்டு. பறக்காமலே லாக்புக்கில் பேனாவால் எழுதிச் சேர்க்கும் மணிக்கு எங்கள் வட்டாரத்தில் 'பார்க்கர் பேனா மணி' என்று பெயர். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியலோடு பிடிபட்ட விமானிகள் கைதானது நினைவிருக்கட்டும். என்னிடம் அந்தப் பேச்சை எடுத்தால் காபிகூடக் கிடைக்காது.)

சார்ட்டருக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பி200-இன் அதிகபட்ச எடை 5,670 கிலோ. சி.பி.எல். வைத்திருப்பவர் 5,700 கிலோ வரை உள்ள விமானத்துக்குக் கமாண்டராக இருக்கலாம். அதாவது ஏ.டி.பி.எல். இல்லாமலே கமாண்டர் உட்காரும் இடது இருக்கைக்கு வர வழி இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் அது நடக்காது. மழையையும் காற்றையும் தன் கண்ணால் பார்த்து முடிவெடுக்கிற பழக்கமும் சார்ட்டரில் சீக்கிரம் வரும். ஆனால் அந்த இடது இருக்கை உங்களுக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கம்பெனியில் விமானம் எத்தனை, போன வருஷம் ஒவ்வொன்றும் எத்தனை மணி பறந்தது, அதை எத்தனை கோ-பைலட் பங்கு போடுகிறார்கள், கடைசியாக வலது இருக்கையிலிருந்து இடதுக்கு மாறியவர் யார், எப்போது? நேர்காணலில் இதைக் கேளுங்கள். கேட்டால் வேலை தர மாட்டார்களோ என்று பயப்படுகிறவர்கள் அங்கே வேலை செய்பவரிடமாவது கேளுங்கள்.

அடுத்து வேலை நேரம். "மாசம் 25 மணி பறக்கிற உனக்கு என்னப்பா அசதி?" என்று முதலாளிகள் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாளைச் சொல்கிறேன். காலை நாலரைக்குப் போன் வருகிறது. ஆறரைக்கு விமானத்தில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பறப்பு. பயணி கல்யாணத்துக்குப் போய்விட்டு மதியம் இரண்டுக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்கிறார். நிழல்கூட இல்லாத ஓடுதளத்தில், தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு நாலாகிறது, நாலு ஐந்தரையாகிறது. சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்புறம்தான் கார் வருகிறது, கூடவே நாலு பெட்டி அதிகம். லாக்புக்கில் ஏறுவது இரண்டு மணிச் சொச்சம். வீடு வந்து சேரும்போது பதினைந்து மணி நேரம் போயிருக்கும். பறந்த நேரம் ஒன்று, பணியிலிருந்த நேரம் ஒன்று. அசதி இரண்டாவதற்குத்தான்.

வாரத்துக்கு 48 மணி நேர ஓய்வு என்று செய்திகளில் அடிபட்டதே, அந்த 2024 விதிகள் அட்டவணைப்படி பறக்கும் நிறுவனங்களின் விமானிகளுக்காக எழுதப்பட்டவை. உங்களுக்குப் பொருந்தும் வரம்பு தனி. கம்பெனியின் ஆபரேஷன்ஸ் மேனுவலில் அது இருக்கும். அதை வாங்கிப் படித்தவர் எத்தனை பேர்? தினமும் பணி தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, வாட்ஸ்அப்பில் வந்தால் அழிக்காதீர்கள்.

அந்த ஐந்தரை மணிக் காருக்குத் திரும்ப வருகிறேன். "கேப்டன், இருட்டிப் பத்து நிமிஷம்தானே ஆச்சு, போயிடலாம்" என்பார் பயணி. முதலாளியும் போனில் அதையே சொல்வார். முடியாது என்று சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2016 நவம்பரில் பிரேசில் கால்பந்து அணி ஒன்றை ஏற்றிக்கொண்டு கொலம்பியாவின் மெடலின் அருகே விழுந்த லாமியா விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 71 பேர் இறந்தார்கள். விமானத் திட்டத்தில் எழுதியிருந்த பறக்கும் நேரமும், இருக்கிற எரிபொருளில் தாக்குப்பிடிக்கும் நேரமும் ஒன்றே: 4 மணி 22 நிமிடம். இருப்பு எரிபொருள் என்று எதுவும் இல்லை. அது ஒரு சின்ன சார்ட்டர் கம்பெனி. ஓட்டிய கேப்டனே அதன் பங்குதாரர். முடியாது என்று சொல்ல வேண்டிய ஆளே லாபக் கணக்கும் பார்க்கிற இடம் அது. நீங்கள் சேரப்போகும் இடத்தில் விமானி 'முடியாது' என்று சொன்ன பிறகு என்ன நடந்தது என்று விசாரியுங்கள். மறுநாள் அவர் பெயர் ரோஸ்டரில் இல்லையென்றால் நீங்கள் அங்கே போகவேண்டாம். மறுப்பதாக இருந்தால் காரணத்தை இரண்டு வரி மெசேஜில் போட்டுவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் பிறகு கதை மாறும்.

ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாக. ஒரிஜினல் உரிமத்தையோ மதிப்பெண் பட்டியலையோ யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக் கொடுக்கவே கூடாது. பணமில்லாமல் அது திரும்பினால் வழக்கு உங்கள் மேல் வரும். இத்தனை வருஷத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்டுகிறேன் என்று பாண்ட் கேட்டால் பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவின் பில்லைக் காட்டச் சொல்லுங்கள், மாதா மாதம் தொகை குறைந்துகொண்டே வரும்படி எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை போட்டிருந்தாலும் அதற்கு உட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. அதற்காகப் பாண்டெல்லாம் வெத்துக் காகிதம் என்று நண்பன் சொன்னதைக் கேட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு வங்கி ஊழியரின் 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் 2025-இல் செல்லும் என்று சொல்லியிருக்கிறது. சம்பளம் இரண்டு மாதம் நின்றால் மூன்றாவது மாதம் வரை காத்திருக்காமல் கடிதமாக எழுதுங்கள்.

மேற்பார்வையில் ஓட்டிய மணிக்கு அன்றன்றே கமாண்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் வேலையை விட்டுப் போனபிறகு தேடிக் கிடைக்க மாட்டார். டி.ஜி.சி.ஏ.வின் இணையதளமான இ.ஜி.சி.ஏ.வில் உள்ள மின்-லாக்புக்கில் பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஹோட்டல் அறையில் காத்திருக்கும் நேரத்தில் ஏ.டி.பி.எல். தேர்வுத் தாள்களை முடித்துவிடுங்கள், ரீல்ஸ் எங்கேயும் ஓடிப்போகாது. மருத்துவச் சான்று பறிபோனால் வருமானம் நின்றுவிடும். அதற்கென்று காப்பீடு இருக்கிறது, கம்பெனி எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் படிக்க வைத்திருக்கிறீர்கள், புரிகிறது. "எங்கேயாவது சேர்ந்து தொலை" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கையெழுத்துப் போட ஒரு வாரம் அவகாசம் கேட்க அந்தப் பிள்ளையை விடுங்கள். ஒரு வாரம்கூடத் தர மறுக்கிற கம்பெனி என்றால் ஒப்பந்தத்தைப் படிக்கவே வேண்டாம்.