அப்பாவின் துப்பாக்கி இன்னும் பரணில் இருக்கிறதா?

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வீட்டுப் பாதுகாப்புக்கென உரிமம் எடுத்து 12 போர் (bore, குழலின் அளவு) பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி வாங்கியிருந்தார். அவர் இறந்து பதினான்கு மாதம் கழித்து அவருடைய மனைவி என்னிடம் வந்தார். துப்பாக்கி பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் கிடந்தது. கலெக்டர் அலுவலகத்தில் கேட்டபோது, "வாரிசுச் சான்றிதழோடு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். சான்றிதழ் கைக்கு வரும்வரை துப்பாக்கியை எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. அத்தனை மாதமும் அந்த அம்மா, சட்டத்தின் பார்வையில் உரிமமில்லாத ஆயுதம் வைத்திருந்தவர். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இதற்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. உரிமதாரர் இறந்தாலோ உரிமம் காலாவதியானாலோ, துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். சட்டத்தின் 21-ஆம் பிரிவு இது. வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி, முத்திரை நான்கும் உள்ள ரசீது வாங்குங்கள். "நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்றால் நகராதீர்கள். ஒப்படைத்த பிறகும் வருடக்கணக்கில் விட்டுவிட்டால், அரசு அதைப் பறிமுதல் செய்துகொள்ள வழி இருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 25-ஆம் விதி வாரிசுகளுக்கானது. பலருக்குத் தெரியாத ஒன்று: அப்பா உயிரோடு இருக்கும்போதே துப்பாக்கியை வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அவருக்கு 70 வயது ஆகியிருந்தால் போதும், அல்லது 25 ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தால் போதும். எந்த அலுவலகமும் இதைத் தானாக எடுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும். சொத்துத் தகராறு உள்ள குடும்பங்களில் மனு இங்கேதான் முடங்கும். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையில் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெறுபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவரும் போலீஸ் விசாரணைக்கு உட்பட்டுத் தன் பெயரில் தனி உரிமம் பெற்றாக வேண்டும்.

புதிதாக உரிமம் கேட்பவர்களை விரட்ட அலுவலகங்களில் சொல்லும் முதல் வார்த்தை, "இப்போதெல்லாம் கொடுப்பதில்லை". அப்படி ஒரு சட்டம் கிடையாது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழவழப்பான குழல் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், மறுப்பதற்குச் சட்டம் சொல்லும் காரணம் ஏதும் இல்லாதபோது வழங்க வேண்டும் என்றே ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், பம்ப் ஆக்‌ஷன் மூன்றும் இதில் அடங்கும். "சொத்து எவ்வளவு?" என்பது இரண்டாவது தடை. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் தேவையைக் காட்டுவது உங்கள் வேலை. தோப்பு வீட்டில் தனியாக இருக்கிறீர்கள் என்றால், திருட்டுப் புகார் கொடுத்த மனு ரசீது, முதல் தகவல் அறிக்கை எல்லாவற்றின் நகலையும் ஏ-1 படிவத்தோடு இணையுங்கள். வெறும் "பாதுகாப்புக்காக" என்ற ஒரு சொல் நிற்காது.

போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், அறிக்கை வந்தபின் முடிவெடுக்க 60 நாள் என்று விதி கெடு வைத்திருக்கிறது. நடப்பது வேறு. கோப்பு காவல் நிலையத்தில் தூங்கும். கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் "அறிக்கை வரவில்லை" என்பார்கள், நிலையத்தில் கேட்டால் "அனுப்பிவிட்டோம்" என்பார்கள். அனுப்பிய தேதியையும் கடித எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை மறுப்பை ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது கையில் இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும், அதற்கும் 30 நாள்தான்.

வாங்கியவர்கள் சிக்கும் இடங்கள் வேறு. எடுத்துச் செல்ல வசதி என்று பட்டறையில் குழலை அறுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். உரிமம் இருந்தாலும் அது தனிக் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. அதே திருத்தம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் கூடாது என்றது, உரிமக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக்கியது. ஐந்து ஆண்டு என்பதாலேயே மறந்துவிடுகிறார்கள். முடிவதற்கு 60 நாள் முன்பே புதுப்பிக்க மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் ஏறாத பழைய உரிமப் புத்தகம் செல்லாது. உரிமம் எந்த எல்லை வரை செல்லும் என்பதையும் பாருங்கள். மாவட்டத்துக்கு மட்டும் வாங்கியதை மாவட்டம் தாண்டி எடுத்துச் செல்லாதீர்கள்.

உரிமம் இருப்பதால் சுடலாம் என்று நினைப்பவர்களுக்கு: தற்காப்பில்கூடத் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு. தோப்பில் தேங்காய் பறித்து ஓடுபவனைச் சுட்டால் நீங்கள்தான் குற்றவாளி.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படைக்கும் முன் கட்டை, குழல், எண் தெரியும்படி புகைப்படம் எடுங்கள். திரும்ப வாங்கும்போது ரசீதில் உள்ள எண்ணைத் துப்பாக்கியில் பொறித்த எண்ணோடு அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.