புறா எச்சம் தோலை எப்படி மென்மையாக்குகிறது?

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் ஒரு நாள் வழிகாட்டியோடு சுற்றினால், பாப் பூ ஜெலூத் வாசலில் நுழைந்து, கார் போகாத சந்துகளில் "பாலக்! பாலக்!" என்று வழி கேட்டு வரும் கோவேறு கழுதைகளுக்கு ஒதுங்கி, செஃபாரீன் சதுக்கத்தில் செம்புப் பாத்திரம் அடிக்கும் சத்தத்தைத் தாண்டி, எப்படியும் ஷுவாரா தோல் தொட்டிகளுக்கு வந்து சேர்வீர்கள். மாடிக்கு ஏறும்போதே கையில் ஒரு கொத்துப் புதினா கொடுப்பார்கள். மூக்கில் வைத்துக்கொள்ளத்தான்.

கீழே பார்த்தால் வட்ட வட்டமாகத் தொட்டிகள், தொடையளவு நீரில் நின்று தோலை மிதிக்கும் ஆட்கள். வெள்ளைத் தொட்டிகளில் இருப்பது சுண்ணாம்பு நீரும் புறா எச்சமும். எச்சம் எதற்கு என்று கேட்டால், அதிலுள்ள அமோனியா தோலை மென்மையாக்கும் என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்த கதை.

முதலில் சுண்ணாம்பு. அதன் காரம் முடியின் வேர்ப்பகுதியில் கெரட்டின் புரதத்தைப் பிணைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது, அதனால் முடி கத்தியால் வழித்தாலே வந்துவிடும். ஆனால் அதே காரத்தில் தோலின் கொலாஜன் நார்களும் நீரை உறிஞ்சி உப்பிப்போகும். அந்த நிலையில் பதப்படுத்தினால் விறைப்பான தோல்தான் கிடைக்கும், மடிந்து கொடுக்கிற செருப்போ பையோ கிடைக்காது.

அடுத்துத்தான் எச்சத் தொட்டி. எச்சத்தில் வரும் அமோனியம் உப்புகள் சுண்ணாம்பின் காரத்தைத் தணிக்கும், தோலின் உப்பல் இறங்கும். அதோடு வேலை முடிந்துவிடாது. எச்சத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் செரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. நார்களுக்கு நடுவே பசைபோல ஒட்டியிருக்கும் மற்ற புரதங்களை அந்த நொதிகள் கரைத்தெடுக்க, நார்கள் ஒன்றையொன்று விட்டு வழுக்கி நகர ஆரம்பிக்கும். பதம் பார்ப்பது எளிது: கட்டைவிரலால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்க வேண்டும். அதிக நாள் விட்டுவிட்டாலோ கொலாஜனும் சிதைய ஆரம்பித்து, தோலே வீணாகிவிடும்.

இதே அமோனியாவை நம்பி ஏமாந்த ஒரு வேதியியலாளர் உண்டு, ஜெர்மனியின் ஓட்டோ ரோம். அப்போது ஐரோப்பாவில் இந்த வேலைக்கு நாய்மலத்தைப் பயன்படுத்தினார்கள். எரிவாயு ஆலைக் கழிவுநீரிலும் அதே வாடை வீசுகிறதே என்று அதை வைத்து ஒரு கரைசல் செய்தார், சரிவரவில்லை. அப்புறம்தான் உண்மையான வேலையாள் நொதி என்று பிடித்து, விலங்குகளின் கணையத்திலிருந்து நொதி எடுத்து, 1907இல் ஓட்டோ ஹாஸோடு சேர்ந்து நிறுவனமே தொடங்கிவிட்டார். துணி துவைக்கும் தூளில் நொதி சேர்க்கும் எண்ணமும் இதே மனிதருடையதுதான். ஃபெஸ் தொழிலாளர்களோ அந்த நொதியைப் பல நூற்றாண்டுகளாகப் பெயர் தெரியாமலே கையாண்டு வந்திருக்கிறார்கள்!

இவ்வளவு செய்தும் அது இன்னும் பச்சைத் தோல்தான், விட்டுவைத்தால் அழுகும். அதைத் தடுப்பது டானின், செடிகொடிகளின் பட்டையிலும் இலையிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள். கடுந்தேநீரில் நாக்கை இழுத்துப் பிடிக்கிற அந்தத் துவர்ப்பு என்பது, டானின் நம் எச்சிலின் புரதங்களைப் பற்றிக்கொள்வதுதான். தோலிலும் அப்படியே கொலாஜன் நார்களைப் பற்றி ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது, பாக்டீரியாவால் எளிதில் கடிக்க முடியாது. ஈரப் பச்சைத் தோல் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே சுருண்டுவிடும், டானின் ஏறியது 75 டிகிரிக்கு மேலும் தாங்கும். குரோமியம் உப்பில் பதனிட்டால் கொதிநீரையே தாங்கும், வேலையும் ஒரே நாளில் முடியும். ஆனால் அந்தக் கழிவு ஆற்றில் கலந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சாயம். மற்ற நிறங்களுக்குத் தோலைத் தொட்டியில் முக்குவார்கள். மஞ்சளுக்கு மட்டும் தனி மரியாதை: தோலை விரித்துப் போட்டு, சாயத்தைக் கையாலேயே தேய்த்து, மொட்டைமாடியில் வெயிலில் காயவைப்பார்கள். கீழே கடையில் அடுக்கியிருக்கும் மஞ்சள் பாபூஷ் செருப்புகள் அந்தத் தோலில் தைத்தவை.