ஜோஷுவா ட்ரீ பாறைங்கள அடுக்கி வெச்சது யாரு?

கலிஃபோர்னியாவுல இருக்கற ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா வீடியோ ஒண்ண அனுப்பி, "இவ்ளோ பெரிய உருண்டைப் பாறைங்கள யாருங்க இப்படி அடுக்கினா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. பாலைவனமாச்சே, மணல்காத்து தேச்சிருக்கும்னு தான் யாருக்கும் தோணும். அதான் இல்ல, இதுங்க உருண்டையானது மண்ணுக்கு அடியில, அதுவும் தண்ணியால.

10 கோடி வருஷத்துக்கும் முன்னாடி மாக்மா, அதாவது உருகின பாறைக் குழம்பு, மேல ஏறி, நைஸ் (gneiss)ங்கற பழைய பாறைக்குள்ள புகுந்து, தரைக்கு அடியிலயே ஆறி கிரானைட் வகைப் பாறையாச்சு. மேல இருந்த பாரம் அரிச்சுப் போகப் போக படுக்கவாட்டுல விரிசல், நெட்டுக்குத்தா ரெண்டு தெசையில விரிசல், ஆக மொத்தப் பாறையும் கட்டம் கட்டமா பிரிஞ்சிருச்சு.

இனிமே தான் விஷயமே இருக்கு. அப்போ அங்க ஈரம் இப்பவிட ஜாஸ்தி. விரிசல்ல எறங்குற தண்ணி கிரானைட்டுல இருக்கற ஃபெல்ட்ஸ்பார்ங்கற தாதுவ கொஞ்சங் கொஞ்சமா களிமண்ணா மாத்திடும், குவார்ட்ஸ்ங்கற இன்னொரு தாதுவுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா கூட இருந்தது எளகிட்டா அதுவும் பொலபொலன்னு உதிர வேண்டியது தான். தட்டையான பக்கத்த தண்ணி ஒரே பக்கமா தான் தாக்கும், விளிம்புன்னா ரெண்டு பக்கம், மூலைன்னா மூணு பக்கம்! அதனால மூலை தான் மொதல்ல காலி, சோப்புக்கட்டி தேயற மாதிரி. அப்புறம் காலநிலை வறண்டு செடிகொடி கொறஞ்சு, திடீர் வெள்ளம் அந்த உதிரிய வாரிட்டுப் போக, உள்ள இருந்த உருண்டைங்க ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துடுச்சு. அவ்ளோ தான், யாரும் அடுக்கல.

பூங்காவுக்கு வடக்கால ஜெயன்ட் ராக்னு ஒரு ஒத்தப் பாறை இருக்கு, 1950கள்ல அங்க பறக்கும் தட்டு மாநாடே நடத்தினாங்க, செம கூட்டம். ஃபெல்ட்ஸ்பார் பத்தி கூட்டம் போட்டா எத்தன பேர் வருவான்னு நெனச்சா சிரிப்பு தான் வருது.

செரானோ பழங்குடிங்க வாழ்ந்த இந்த எடத்துக்கு வெள்ளக்காரங்க வந்தது மாட்டுக்கும், குவார்ட்ஸ் கீத்துல ஒட்டியிருந்த தங்கத்துக்கும். 1910ல வந்த பில் கீஸ், சுரங்கத்துல வேல பாத்து, குடும்பத்தோட இங்கயே பண்ணை போட்டு ஒக்காந்துட்டாரு. 1943ல பாதைத் தகராறுல பக்கத்துக்காரர சுட்டுக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போனாரு, பெரி மேசன்ங்கற வக்கீல வெச்சு துப்பறியும் கதைங்க எழுதின ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர் இவருக்காக வாதாடி, 1956ல மன்னிப்பு கெடச்சுது.

மாடு மேய்ச்சவங்க 1900 வாக்குல பாறை இடுக்க அடச்சுக் கட்டின பார்க்கர் (Barker) அணைய ஒசத்தினதும் இவர் தான். ரெண்டு பக்கமும் பாறையே செவுரா நிக்கறதால நடுவுல மட்டும் கட்டினா போதுமாயிருந்துச்சு. அந்த அணையில இப்பவும் மழைய பொறுத்து தான் தண்ணி, பல சமயம் காஞ்சு தான் கெடக்கும், போறவங்க விசாரிச்சுட்டுப் போங்க.