தாடைக்குக் கீழே நெறி கட்டினால்

உசிலம்பட்டிப் பக்கம் காலில் சீமைக்கருவேல முள் ஏறினால், மறுநாள் தொடை இடுக்கைத் தடவிப் பார்த்து "நெறி கட்டிருச்சு" என்பார்கள். புண் இருப்பது பாதத்தில், வீங்குவது தொடையில். இது தெரிந்தவர்கள்கூட கழுத்தில் நெறி கட்டினால் கழுத்துக்கே பற்றுப் போடுகிறார்கள்.

நெறி என்பது நிணநீர் முடிச்சு. உடம்பில் சுமார் 600 உண்டு. கழுத்தில் மட்டுமே நூற்றுக்கும் மேல். திசுக்களில் கசியும் நீர் இவற்றின் வழியாக வடிந்துதான் ரத்தத்துக்குத் திரும்புகிறது. அதில் கிருமி வந்தால் முடிச்சுக்குள் இருக்கும் வெள்ளணுக்கள் பல மடங்கு பெருகும், முடிச்சு உப்பும், அதன் மேலுறை இழுபட்டு வலிக்கும். எந்தக் காட்டில் மழையோ, அதன் வரத்துக் கண்மாய்தானே நிறையும்? தாடைக்குக் கீழுள்ள முடிச்சுகளுக்கு வரத்து பல், ஈறு, நாக்கு. தாடை மூலையில் இருப்பதற்குத் தொண்டைச் சதை. பிடரியில் இருப்பதற்குத் தலைத்தோல். பேன் கடித்துச் சொறிந்த பிள்ளைகளுக்கு அங்கேதான் கட்டும்.

அதனால் தாடை வலியும் நெறியும் சேர்ந்து வந்தால், முதலில் கடைவாயைப் பாருங்கள். வேர் வரை போன சொத்தையோ, பாதி முளைத்த ஞானப்பல்லை மூடிய ஈறோ அங்கே இருக்கலாம். வாய்த்தரை வீங்கி, நாக்கு மேலே தூக்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

தாடைக்கடியில் வீங்குவதெல்லாம் நெறியும் அல்ல. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்றை வாயில் வைத்ததும் தாடைக்கடியில் எலுமிச்சை அளவு புடைத்து, ஒரு மணி நேரத்தில் வடிந்தால், அது பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பியில் கல். புளிப்புக்கு எச்சில் ஊறுகிறது, கல் வழியை அடைக்கிறது. இந்தக் கற்களில் ஐந்தில் நான்கு தாடைக்கடிச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. அதன் குழாய் நீளமானது, மேல்நோக்கி ஏறுவது, எச்சிலும் கெட்டியானது. வெயிலில் தண்ணீர் குடிக்காவிட்டால் இன்னும் கெட்டியாகும்.

காதுமடலே தூக்கும்படி கன்னம் வீங்கினால் அது பெரும்பாலும் பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது நம் வீட்டு வழக்கம். வைரஸ் நோயான அது, சங்கிலி இல்லாமலும் பத்து நாளுக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் போடும் எம்.ஆர். தடுப்பூசி இதற்குக் காப்பல்ல, பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்த எம்.எம்.ஆர். தான் காப்பு.

வலிக்கும் நெறியைவிட வலிக்காத நெறிதான் எனக்குக் கவலை. கல் போல இறுகி, விரலுக்கு நகராமல் இருந்தால், அதுவும் புகையிலை போடுபவருக்கு என்றால், வாய்ப்புற்றா என்று பார்த்தே ஆக வேண்டும். வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டினால் காசநோயாக இருக்கலாம். பழைய ஆட்கள் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதைத்தான். "வலிக்கலையே" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். இரண்டு மூன்று வாரத்தில் வடியாத நெறியில் மெல்லிய ஊசியால் சிறிது உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ரத்தம் எடுப்பதைவிடப் பெரிய வலி இல்லை. காசநோய் என்றால் அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். வழக்கமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டியிருக்கும்.